ஒரு கல்லுக்கு இரண்டு குடும்பம்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் வீட்டு விரிப்பை மட்டும் மடித்துப் பழகியவர்கள்.

அத்தை அன்று காலை ஒற்றை ஆளாகத்தான் மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூலைகளை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். இழுப்பறை திறந்துகொண்டு கூடவே வந்தது.

"மேஜையே உங்க பின்னாடி வந்துடும் போல இருக்கே அத்தை. பேசாம அதையே கட்டிக்கங்களேன்," என்றாள் இஸ்திரி மெஷினில் நின்றவள்.

"அதுக்கும் முறை பார்க்கணும். எந்த மரத்து மேஜையோ, எங்க அண்ணனைக் கேட்டுத்தான் சொல்லணும்."

சலவைப் பிரிவு முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தாள். ஆனால் கண் மட்டும் ஜன்னலுக்குப் போய் வந்தது.

வெளியே துணி வண்டி நின்றது. அதன் டிரைவர் உள்ளே வராமல், ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் வாசல் காவல்காரர் வரைக்கும் அவளுக்கு அத்தை என்றுதான் பெயர். டிரைவரும் பல வருடம் அப்படித்தான் கூப்பிட்டார். மூட்டைகள் தயாராகும்வரை சும்மா நிற்பானேன் என்று ஒரு நாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். உதறி, இழுத்து, இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது விரல் படும். அது வேலை, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் விரிப்பெல்லாம் தீர்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அத்தை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தொண்டையைச் செருமுவதோடு சரி.

இந்த வயதில் ஒரு கல்யாணம். பதிவு அலுவலகத்தில் நாளும் குறித்தாயிற்று. வில்லங்கம் வந்தது போன ஞாயிற்றுக்கிழமை.

நல்ல சேதியை முன்னோருக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்று அத்தையும், அவளுடைய பூட்டுக்கடை அண்ணனும், அண்ணியும் ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே, ரம்பம் வெட்டிய கல் என்பதால் ரம்பத் தாத்தா என்று அவர்கள் சொல்லும் முன்னோரின் கல்லை யாரோ ஒரு அம்மாள் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க கொள்ளுத்தாத்தா கல்லு," என்றார் அண்ணன்.

"அப்ப இவ்வளவு நேரம் நான் யார் முதுகைத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்?" என்றார் அந்த அம்மாள்.

அவர் டிரைவரின் அக்கா, இவர்கள் அதுவரை நேரில் பார்த்ததில்லை. தையற்கடை வைத்திருப்பவர். சட்டை தைக்கக் கொடுப்பவர்களைவிடப் பட்டன் தைக்கக் கொடுப்பவர்களே அதிகம் என்பதால் பட்டன் அக்கா என்று பெயர். அவர்கள் வீட்டிலும் கொள்ளுத்தாத்தா ரம்பத் தாத்தாதான். அவர்கள் பனிக்காலத்தில் வருவார்கள், இவர்கள் வெயில் காலத்தில். கல் சுத்தமாக இருப்பதைப் பார்த்து, இரண்டு குடும்பமும் தோட்டத்துக் காவலாளியை மெச்சி, வருடா வருடம் ஆளுக்கொரு சட்டைத் துணி கொடுத்து வந்திருக்கிறார்கள். அவரும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

இந்த வருடம் பட்டன் அக்காவும் கல்யாணச் சேதியைச் சொல்ல முன்கூட்டியே வந்ததில்தான் குட்டு உடைந்தது.

ஒரே கொள்ளுத்தாத்தா. இரண்டு வீடும் மகன் வழி. அப்படியானால் டிரைவர் அத்தைக்கு அண்ணன் முறை. அதைக் கணக்குப் போட்டுச் சொன்னது அத்தையின் சொந்த அண்ணன். அதுவரை வாய் நிறைய மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அந்த நிமிடத்திலிருந்து டிரைவர் சார் என்று மாறிவிட்டார்.

இரண்டு வீட்டிலும் ரம்பத் தாத்தாவின் பழைய கடிதங்கள் இருந்தன. அவற்றை இன்று அந்தக் கல்லுக்கு முன்னாலேயே வைத்து ஒத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருக்கும் அண்ணிதான் நடுவர். கையெழுத்தைப் பார்த்தே இது எந்தத் தெருக் கடிதம் என்று சொல்லக்கூடியவள் அவள்.

அத்தை மடித்ததை வைத்துவிட்டு, கிழிந்ததால் கழித்துப் போட்டிருந்த ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு அத்தை?"

"உட்கார்றதுக்கு. புழுதித் தரையா இருக்கும்."

வண்டிக் கதவை டிரைவர் திறந்துவிட்டார். தொண்டையைச் செருமினார்.

"அண்ணன்னு கூப்பிடச் சொல்லிட்டாங்கன்னா என்ன செய்வீங்க?" என்று அத்தை தணிந்த குரலில் கேட்டாள்.

"திரும்பிப் பார்க்க மாட்டேன்," என்றார் அவர்.

*

கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி. அங்கே சலவைத் துணி இறக்கப் போகிற வண்டியிலேயே எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். அண்ணன் தானாகவே முன் இருக்கையில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தங்கை அங்கே உட்காரக்கூடாது என்பதற்குத்தான் அது என்று வண்டிக்கே தெரிந்தது. பெண்கள் மூவரும் பின்னால், துணி மூட்டைகளின் மேல்.

"சோஃபா தோத்துடும்," என்று மூட்டையில் அமுங்கினார் பட்டன் அக்கா. "ஏம்மா பொண்ணு, எங்க தம்பிகிட்ட நீ என்னத்தைக் கண்டே? சொல்லேன், நானும் தெரிஞ்சுக்கறேன். கூடப் பிறந்து இத்தனை வருஷம் ஆகியும் என் கண்ணுக்கு ஒண்ணும் தட்டுப்படல."

"விரிப்பை முறுக்காம பிடிப்பாரு," என்றாள் அத்தை.

"அவ்வளவுதானா?"

"அது போதும். எங்க அண்ணனைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்க, தெரியும். கொடியில போட வேண்டியதைக் கயிறா முறுக்கிக் கொடுப்பாரு."

முன்னாலிருந்து சிறு ஜன்னல் வழியாக அண்ணன் குரல் வந்தது. "எனக்கு எல்லாம் கேட்குது."

"கேட்கட்டும்னுதான் சொன்னேன்."

அண்ணி அத்தையின் காதருகே குனிந்தாள். "அவருக்கு முறை ஒண்ணும் பெரிய கவலை இல்ல நாத்தனாரே. நீ போயிட்டா சாயங்காலம் யார்கூடச் சண்டை போடுறதுன்னுதான் தெரியல. என்கிட்ட ஜெயிக்க முடியாதே."

அத்தை மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள். கடைக்கு மேல் மாடியில் அவள் அறை. சாயங்காலம் இறங்கி வந்ததும், அண்ணன் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். செய்தித்தாளை யார் கசக்கியது, விளக்கை யார் அணைக்காமல் விட்டது. கடையின் உள்சுவரில், சாவிகள் தொங்குகிற ஆணிகளுக்கு நடுவில், அவர் வரைந்த வம்ச மரம் ஒன்று இருக்கிறது. உச்சிக் கட்டத்தில் பெயர் இல்லை. ஒரு ரம்பத்தின் படம். அடியில் கடைசிக் கட்டத்தில் அத்தை. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கல்யாணம் பேசிய அன்று ஒரு கட்டமும் போட்டார். போன ஞாயிறு இரவு அதை ரப்பரால் அழித்துவிட்டார். பென்சில் தடம் மட்டும் இன்னும் தெரிகிறது.

கையெழுத்துப் போட அண்ணன் வேண்டாம். சாட்சிக்கு ஆஸ்பத்திரியிலேயே ஆள் உண்டு. ஆனால் அண்ணன் வந்து பக்கத்தில் நிற்காத கல்யாணத்தை அத்தையால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டிரைவர் இல்லாத வாழ்க்கையையும்தான். ஒரு கையில் இது, ஒரு கையில் அது. ஒன்றை விட்டால் துணி தரையில்.

*

அந்தத் தோட்டத்தில் பழைய கற்களில் எழுத்து இருக்காது. எழுத்து வெட்டத் தெரிந்தவர் இல்லாத காலம். செத்தவர் செய்த தொழிலைப் படமாக வெட்டி நட்டுவிடுவார்கள். ஒன்றில் தராசு. ஒன்றில் துடுப்பு. ஒன்றில் கத்தரிக்கோல்.

"பாருங்க, நம்ம இனம்," என்று கத்தரிக்கோலுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடந்தார் பட்டன் அக்கா.

வாசலில் காவலாளி நின்றார். அவர் அறைக்கு முன்னால் கொடியில் ஒரு நீலச் சட்டையும் ஒரு காப்பிக்கலர் சட்டையும் காய்ந்தன. போட்டிருந்தது பச்சைக் கட்டம் போட்டது.

"நீலம் எங்களோடது," என்றார் அண்ணன்.

"காப்பிக்கலர் நாங்க," என்றார் பட்டன் அக்கா. "காலரை எவன் தைச்சான்? நாய் காது மாதிரி இருக்கு."

"ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்," என்று காவலாளி பொதுவாக வாழ்த்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரம்பத் தாத்தாவின் கல் தோட்டத்தின் கடைசி வரிசையில். இடுப்பு உயரம். இடது ஓரத்தில் ரம்பத்தின் கைப்பிடி, அழகாக, ஒரு கை பிடிக்கும் அளவுக்கு எழும்பி நிற்கும். அங்கிருந்து பல் பல்லாக அலகு வலதுபக்கம் போய், கல்லின் ஓரத்தோடு வெட்டென்று நின்றுவிடும். கல் வெட்டியவருக்கு இடம் பத்தவில்லை என்பது அண்ணன் வீட்டுக் கதை. மழையில் உடைந்து போனது என்பது பட்டன் அக்கா வீட்டுக் கதை. கல்லின் முதுகை ஒட்டி ஆள் உயரத்துக்கு முட்புதர் மண்டிக்கிடந்தது. அதற்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் ரோடு.

அத்தை விரிப்பை விரித்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் தன் கடிதப் பெட்டியை நடுவில் வைத்தார். இரும்புப் பெட்டி, அவரே செய்த பூட்டு. சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையைத் தடவினார்.

"சாவியை மறந்துட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"மறக்கல. கடையில பத்திரமா இருக்கு."

அண்ணி தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து நீட்டினாள். அவர் அதை நுழைத்துத் திருப்பியதும் பூட்டு வாயைப் பிளந்தது.

"இதையா கடையில நல்ல பூட்டுன்னு விக்கிறீங்க?" என்றார் பட்டன் அக்கா.

"திறந்தது நான். வேற ஆளால முடியாது," என்றார் அண்ணன். காது சிவந்துவிட்டது.

பட்டன் அக்காவின் கடிதங்கள் ஒரு பட்டன் டப்பாவில் இருந்தன. பூட்டு இல்லை. மூடியும் சரியாக இல்லை.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கடிதக் கட்டுகளையும் அடுத்தடுத்துப் பரப்பினாள். முதலில் தன் வீட்டுக் கடிதம் ஒன்றை வாசித்தாள்.

"அன்புள்ள வீட்டுக்காரிக்கு, இங்கே நான் சுகம். அங்கே நீயும் கோழிகளும் சுகமா? செம்பட்டைக் கோழி அடைக்கு உட்கார்ந்ததா? குஞ்சு பொரித்தால் உடனே எழுது. பொரிக்காவிட்டால் எழுதாதே, கவலைப்படுவேன். இப்படிக்கு உன் ரம்பக்காரன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் பெருமையாக மீசையைத் தடவினார்.

அண்ணி அடுத்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். "அன்புள்ள வீட்டுக்காரிக்கு, இங்கே நான் சுகம். அங்கே நீயும் ஆடும் சுகமா? ஆடு மறுபடி என் சட்டையைத் தின்றதா? தின்றிருந்தால் திட்டாதே. புதுச் சட்டை எடுக்க எனக்கும் ஒரு காரணம் வேண்டும். இப்படிக்கு உன் ரம்பக்காரன்."

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணி இரண்டு தாளையும் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். இன்னும் இரண்டை எடுத்தாள். இன்னும் இரண்டை. சுழியைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள், வரி சாய்கிற சாய்வைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரே கை," என்றாள்.  "சந்தேகமே இல்ல. ஒரே ஆள் எழுதினது. ஒரே மழைக்காலத்துல, ஒரே மரப் பட்டறையிலிருந்து."

அண்ணனின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"ரெண்டு வீடா?" என்றார் அண்ணன். "எங்க கொள்ளுத்தாத்தாவா? கோழி வீடு ஒண்ணு, ஆட்டு வீடு ஒண்ணா?"

"இந்த ஆட்டு வீட்டுக் கடுதாசியிலதான் மை நிறையச் சிந்தியிருக்கு," என்றாள் அண்ணி. "கோழி வீட்டுக் கடுதாசி சுத்தமா இருக்கு."

"குற்றமுள்ள நெஞ்சு. அங்க எழுதும்போது கை நடுங்கியிருக்கும்," என்றார் அண்ணன்.

"அது என்ன அங்க?" பட்டன் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், நாங்கதான் முதல் வீடு. உங்களோடதுதான் பின்னாடி வந்த வீடா இருக்கும். அதான் அங்க பயந்து பயந்து சுத்தமா எழுதியிருக்காரு."

"கோழி வாங்கினவர்தான் பிறகு ஆடு வாங்குவாரு. முதல்ல கோழி."

"ஆட்டை வித்துட்டுக் கோழி வாங்கினவங்களை நான் பார்த்திருக்கேன், பூட்டுக்காரரே."

"நிறுத்துங்க," என்றாள் அத்தை.

நிறுத்தினார்கள். அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எனக்கு மட்டும் சந்தோஷமா? போன மாசமே புதுச் செருப்பு வாங்கி வச்சிருக்கேன், பதிவு அலுவலகத்துக்குப் போடலாம்னு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. இவர் எனக்குத் தம்பி. உனக்கு அண்ணன். நான் எப்படிம்மா பக்கத்துல வந்து நிப்பேன்?"

"தங்கச்சி வேணும்னு நான் யாரையும் கேட்கல," என்றார் டிரைவர். அன்று காலையிலிருந்து அவர் எல்லோர் முன்னாலும் பேசிய முதல் வார்த்தை அது. "இந்த வயசுல புதுசா ஒரு தங்கச்சியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அத்தை எழுந்தாள். மனசு சரியில்லாதபோது அவள் கை சும்மா இருக்காது. "எழுந்திருங்க. விரிப்பை மடிக்கணும்."

எழுந்து ஒதுங்கினார்கள். அண்ணி கடிதங்களை அள்ளினாள். அத்தை இரண்டு மூலைகளைத் தூக்கினாள். மறுமுனையை யாரும் சொல்லாமலே டிரைவர் தூக்கினார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "விரிப்புதானே, மடிக்கட்டும்."

காற்று கொஞ்சம் அதிகமாக இருந்தது. விரிப்பு கல்லின் மேல் போய்ப் படிந்துகொண்டது. அதை எடுக்க, அத்தை கல்லின் இடப்பக்கமாகவும் அவர் வலப்பக்கமாகவும் தள்ளி நின்று, கல்லுக்கு மேலே தூக்கி உதறினார்கள். இழுத்துப் பிடித்தார்கள். வழக்கம்போல விரிப்பு இருவருக்கும் நடுவில் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது.

இனி எதிரெதிரே நடந்து வர வேண்டும். அத்தை நடக்கவில்லை.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை விரிப்பைப் பிடித்திருந்தது. கைக்கு நேர் கீழே, கல்லில், அந்தக் கைப்பிடி.

"வாங்க," என்றார் டிரைவர்.

"இருங்க." அவள் பார்வை அலகின் பல் வழியாக மெதுவாக வலப்பக்கம் போனது. கல் முடிந்தது. அதற்கு மேல் அவர் கை இருந்தது. "அண்ணா, உங்க கடையில ரம்பம் இருக்கில்ல? அது எவ்வளவு நீளம்?"

"என்ன, ஒரு முழம் இருக்கும். எதுக்கு?"

"இது கல்லு பூரா நீண்டு போகுது. நுனி சிறுத்திருக்கா பாருங்க. உங்க ரம்பம் நுனியில சிறுத்திருக்கும். இது ஆரம்பத்துல எவ்வளவு அகலமோ முடியற இடத்துலயும் அவ்வளவு அகலம்."

"கல் வெட்டினவருக்கு இடம் பத்தலைன்னு சொன்னேனே."

"இடம் பத்தாதவன் கைப்பிடியை இவ்வளவு பெரிசா ஆரம்பிக்க மாட்டான். பெரிய மரத்தை அறுக்கிற ரம்பம் அண்ணா இது. ஒரு ஆள் இதை எப்படி இழுப்பான்? இழுத்தா எதிர்ல இருந்து திருப்பி இழுக்க ஒரு ஆள் வேணாமா? மறுமுனை எங்க?"

டிரைவர் விரிப்பை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையைக் கல்லின் வலது ஓரத்தில் வைத்தார். ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் விரலை ஓட்டினார். அங்கே பாசி. பாசிக்கு அடியில் விரல் ஒவ்வொன்றாக எதிலோ தட்டித் தட்டிப் போனது.

"பல்லு," என்றார். "நிக்கல. இங்க திரும்புது. பின்னாடி போகுது."

*

விரிப்பு அப்படியே தரையில் விழுந்தது. அத்தை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மடிக்கப் பிடித்த துணியைக் கை நழுவ விட்டது அதுதான் முதல் தடவை.

காவலாளியிடம் அரிவாள் வாங்கி வர அண்ணி ஓடினாள். அவள் வருவதற்குள் அண்ணன் வெறுங்கையோடு புதருக்குள் நுழைந்துவிட்டார். முள் அவரை எல்லாப் பக்கமும் பிடித்துக்கொண்டது.

"முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல," என்று உள்ளேயிருந்து சொன்னார்.

"சட்டையில ரெண்டு பட்டன் போச்சு," என்றார் பட்டன் அக்கா. "நாளைக்குக் கொண்டு வாங்க. சொந்தக்காரங்களா இல்லையான்னு தெரிஞ்ச பிறகு கூலி சொல்றேன்."

டிரைவர் அரிவாளால் அவரை விடுவித்தார். பிறகு இருவரும் சேர்ந்து, ஒருவர் கிளையை இழுத்துப் பிடிக்க ஒருவர் வெட்ட, புதர் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. வெயில் முதல் தடவையாகக் கல்லின் முதுகில் விழுந்தது.

அத்தை முந்தானையால் பாசியைத் துடைத்தாள்.

ரம்பம் ஓரத்தில் திரும்பி, பல் பல்லாகப் பின்பக்கம் முழுக்க வந்து, அங்கே இன்னொரு கைப்பிடியில் முடிந்தது. முன்னால் இருந்ததற்குச் சோடி. அதே அழகு, அதே அளவு. அதற்கு நேரே, முள்ளுக்கும் சருகுக்கும் அடியில், ஓரக்கல் பதித்த இன்னொரு மேடு.

அண்ணன் அந்த மேட்டைப் பார்த்தார். கல்லைச் சுற்றிப் போய் முன்பக்கத்து மேட்டைப் பார்த்தார். திரும்பவும் பின்னால் வந்தார்.

"ரெண்டு பேரு," என்றாள் அத்தை. "ஒரே ரம்பத்தை இழுத்தவங்க. ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். நடுவுல ரம்பம். நாம ரெண்டு குடும்பமும் இத்தனை வருஷம் ஒருத்தரையே குளிப்பாட்டியிருக்கோம். இன்னொருத்தர் முள்ளுக்குள்ள கிடந்திருக்காரு."

"கையெழுத்து ஒண்ணுன்னு உங்க அண்ணி சொன்னாளே." அண்ணன் குரலில் பிடிவாதம் இருந்தது. ஆனால் நம்பிக்கை தட்டுப்பட வேண்டுமே என்று தேடுகிற பிடிவாதம்.

அண்ணி ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்துவிட்டாள். இந்தத் தடவை எழுத்தைப் பார்க்கவில்லை. மையைப் பார்த்தாள். ஆட்டு வீட்டுக் கடிதத்தில் விரலை வைத்து நகர்த்தினாள். "இங்கே நான் சுகம்", ஒரு சொட்டு. "அங்கே நீயும் ஆடும் சுகமா", ஒரு சொட்டு. "ஆடு மறுபடி", ஒரு சொட்டு.

"நான் ஒரு மண்டு," என்றாள். "எங்க தபால் ஆபீஸ் வாசல்ல தினம் பார்க்கிறேன். எழுதத் தெரியாதவங்க சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதுவாங்க. சொல்றவர் யோசிக்கிற நேரம் பேனா காத்திருக்கும். காத்திருக்கிற இடத்துல மை சொட்டும். இது கை நடுங்கினது இல்ல. இன்னொருத்தர் சொல்லி எழுதினது."

"கோழி வீட்டுக் கடுதாசி?" என்றார் அண்ணன்.

"ஒரு சொட்டு இல்ல. தானா நினைச்சுத் தானா எழுதினது."

அண்ணன் நெஞ்சு நிமிர்ந்தது. "அப்ப எங்க ஆளு படிச்சவரு."

"எங்க ஆளுக்குத்தான் சொல்ல விஷயம் இருந்தது," என்றார் பட்டன் அக்கா. "கோழி முட்டையைப் பத்தி யார் வேணும்னாலும் எழுதலாம்."

இப்போது சிரித்தார்கள். தராசும் துடுப்பும் கத்தரிக்கோலும் திரும்பிப் பார்த்திருக்கும், அப்படி ஒரு சிரிப்பு. பட்டன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பையில் வைத்திருந்த சோப்பை எடுத்து, பின்பக்கத்துக் கைப்பிடியைத் தேய்க்க ஆரம்பித்தார். "யாரா இருந்தாலும் சரி. பாக்கி முதுகு இது."

அத்தை சிரிக்கவில்லை. அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெளிந்துவிட்டது, ஆனால் சொல்ல வேண்டியவர் இன்னும் சொல்லவில்லை.

அண்ணன் கீழே கிடந்த விரிப்பிடம் போனார். குனிந்து ஒரு முனையை எடுத்தார். எடுத்த கையோடு அது முறுக்கிக்கொண்டது. அவர் தங்கையைப் பார்க்கவில்லை. எதிரே அரிவாளோடு நின்ற ஆளைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை," என்றார். "அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. இது எனக்கு வராத வேலை."

டிரைவர் அரிவாளைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.  போய் முனையைப் பிடித்துக்கொண்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லை மறுபடியும் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

"அழாதம்மா," என்றாள் அண்ணி. "இனிமே சாயங்காலம் உங்க அண்ணன் என்கிட்டதான் தோக்கப் போறாரு. அழணும்னா நான்தான் அழணும்."

"தினம் சாயங்காலம் வருவேன்," என்றாள் அத்தை. "சண்டைக்கு மட்டும்."

"நேரத்தோட வரணும்," என்றார் அண்ணன் விரிப்புக்குப் பின்னாலிருந்து. "செய்தித்தாளைக் கசக்காம கொண்டு வரணும்."

அரிவாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் காவலாளி வந்தார். வெட்டித் தள்ளிய முள்ளைப் பார்த்தார், பின்பக்கத்து மேட்டைப் பார்த்தார், ஆச்சரியப்பட்டுத் தலையை ஆட்டினார். பட்டன் அக்காவின் கண் பழக்க தோஷத்தில் அவர் சட்டைக்குப் போனது. பச்சைக் கட்டம். காலர் நேராக இருந்தது. பட்டன் ஒவ்வொன்றும் நூல் சுற்றி அழுத்தமாகத் தைத்திருந்தது.

"இந்தத் தையல் நல்லா இருக்கே. இந்தத் துணி யார் எடுத்துக் கொடுத்தது?"

"இதுவா? மழைக்கு வர்ற அம்மா."

"எந்த அம்மா?"

"அவங்களும் இந்தக் கல்லுக்குத்தான் வருவாங்க. வருஷா வருஷம், முதல் மழைக்கு. ஆனா உள்ள வர மாட்டாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டுல நின்னு, இந்தப் புதரையே பார்த்துட்டுப் போயிடுவாங்க."

"இத்தனை நாள் ஏன்யா சொல்லல?" என்றார் அண்ணன்.

"நீங்க சட்டைதானே கொடுத்தீங்க. ஒண்ணும் கேட்கலையே."

அண்ணன் விரல் விட்டு எதையோ எண்ணத் தொடங்கினார். சுவரில் இருக்கிற மரத்தில் இனி எந்தப் பக்கம் கோடு இழுப்பது என்ற கணக்கு. அவர் முடிப்பதற்குள் விரிப்பின் மேல் சொத்தென்று ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

"துணி நனையுது," என்று அத்தை பாய்ந்து வந்து விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்தாள். அண்ணி ஒன்றை, அண்ணன் ஒன்றை, டிரைவர் ஒன்றை. நாலு பேரும் அதைத் தலைக்கு மேல் தூக்க, நடுவில் பட்டன் அக்கா கடிதக் கட்டுகள் இரண்டையும் மடியில் சேர்த்துக் கட்டிக்கொண்டு, நனையாமல் நின்றுகொண்டார்.

"கல்யாணப் பந்தல் தயார்," என்றார்.

புதர் போன இடத்தில் இப்போது வெளி தெரிந்தது. அந்த வழியாக அத்தைதான் முதலில் பார்த்தாள். வேலிக்கு அப்பால், ரோட்டோரத்தில், ஒரு குடை வந்து நின்றது.